பாட்டும் புலவரும்: அட்டவணைகளை இணைக்கும் முறை

ஒரு செய்தியை ஓரிடத்தில் ஒருமுறை எழுதிவைத்தல் அறிவுடைமை; அதனையே பத்து இடங்களிற் பத்து முறை எழுதிவைத்தல் பின்வரும் பிழைக்கு வித்திடுதலாகும். இவ்வுண்மையைக் கணக்கெழுதுவோரும் ஏடு பதிப்போரும் நெடுங்காலமாக அறிவர். இக்காலத்துக் கணினிகளிற் செய்திகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளங்களும் இவ்வடிப்படை மீதே எழுந்தன. ஆயினும், பிரித்து வைத்தவற்றை வேண்டும்போது ஒருங்குசேர்க்க அறியாவிடின் பிரித்ததனாற் பயன் யாது? அங்ஙனம் சேர்க்கும் செயலை ‘ஜாயின்’ என்று வழங்குவர். நாம் அதனை ‘இணைப்பு’ என்போம். இவ்விணைப்பு எவ்வாறு நிகழ்கின்றது, அதன்கண் நேரும் பிழைகள் யாவை என்பவற்றை நமக்கு அறிமுகமான சங்கப் பாடல்களைக்கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கபிலரை எடுத்துக்கொள்வோம். அவர் பாடல்கள் ஒரு நூலில் அடங்கியன அல்ல. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அகநானூற்றிலும் புறநானூற்றிலும் அவை விரவிக் கிடக்கின்றன; ஐங்குறுநூற்றின் மூன்றாம் நூறும், பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தும், குறிஞ்சிப்பாட்டும் அவர் பாடியனவே. இனி, ஒவ்வொரு பாட்டின் அருகிலும் கபிலர் வரலாற்றை முழுதும் எழுதுவோமாயின் ஏடு பெருகும். அது சிறு குறையே. நாளை அவ்வரலாற்றில் ஒரு திருத்தம் வேண்டுமெனின், ஓரிடத்திற் திருத்தி மற்றோரிடத்தில் மறந்துவிடுவோம். பின்னர் ஒரே புலவர்க்கு இருவேறு வரலாறுகள் உண்டாகும். இதுவே பெருங்குறை.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-ஆம் ஆண்டில் முதன்முதற் பதிப்பித்த புறநானூற்றைப் பயில்வோர், பாடினோர் வரலாறும் பாடப்பட்டோர் வரலாறும் தனித்தனியே தொகுத்து வைக்கப்பட்டிருத்தலைக் காண்பர். பாட்டின்கீழ்ப் புலவர் பெயர் மட்டும் நிற்கும். வரலாறு வேண்டுவோர் அப்பெயரைக்கொண்டு உரிய இடத்திற் சென்று காணல் வேண்டும். பெயரே ஈண்டுத் திறவுகோலாய் நிற்கின்றது. அட்டவணை இணைப்பு என்பதன் உயிர்நிலை இதுவே. அச்சிட்ட நூலிற் படிப்பவன் கைவிரல் செய்யும் வேலையைத் தரவுத்தளத்திற் கணினி செய்கின்றது.

அச்சு நூலுக்கு மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. அஃது ஏதேனும் ஒரு வரிசையையே மேற்கொள்ளல் இயலும். பழைய தொகைநூல்கள் பொருள் நோக்கியும் அடியளவு நோக்கியும் அமைந்தன. 1940-ஆம் ஆண்டில் எஸ். வையாபுரிப் பிள்ளையவர்களைக் கொண்டு சைவ சித்தாந்த மகா சமாஜத்தார் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்போ, பாடல்களைப் புலவர் வரிசையில் நிறுத்தியது. நூல்வரிசை வேண்டுவார்க்கு ஒரு பதிப்பு, புலவர்வரிசை வேண்டுவார்க்கு வேறொரு பதிப்பு என்று நேர்ந்தது. பாடல்களையும் புலவர்களையும் புரவலர்களையும் தனித்தனி அட்டவணைகளாக வைத்து, கேட்கும் வினாவுக்கேற்ப இணைத்துக்கொள்ள வல்லோமாயின், ஒரே சேமிப்பினின்று எவ்வரிசையையும் பெறலாமன்றோ?

இவ்வழியைக் கணினித் துறையில் வகுத்துக் காட்டியவர் எட்கர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய இவர், 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இதுபற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். அதற்குமுன், செய்திகள் கிளைகிளையாகவோ வலைபோன்றோ பிணைக்கப்பட்டிருந்தன. ஒன்றைத் தேடுவோன் அது சேமிக்கப்பட்ட வழியனைத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். வழி மாறின் தேடுவதற்கு எழுதிய நிரலும் பயனற்றுப்போகும். காட் அவர்கள், செய்திகளெல்லாம் எளிய அட்டவணைகளாகவே தோன்றுதல் வேண்டும் என்றும், உள்ளே அவை எங்ஙனம் வைக்கப்பட்டுள்ளன என்பது கேட்போனுக்கு வேண்டாதது என்றும் நிறுவினார். இக்கொள்கைக்காக 1981-ஆம் ஆண்டில் டூரிங் பரிசு பெற்றார். இம்முறைக்கு ‘ரிலேஷனல்’ என்று பெயர். அட்டவணைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருத்தலால் இப்பெயர் வந்ததெனப் பலர் கருதுவர். கணித நூலார் மதிப்புக்கள் ஒருங்கு நிற்கும் நிரைகளின் தொகுதியையே ‘ரிலேஷன்’ என்பர். ஆதலின் இச்சொல் அட்டவணை ஒன்றனையே குறித்ததாகும். 1974-ஆம் ஆண்டில் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் இவ்வட்டவணைகளை வினவுதற்கென ஒரு மொழியை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். என்று பெயர்பெற்று, 1986-இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்டு, இன்று உலகெங்கும் வழங்குகின்றது.

இனி இணைப்பு நிகழும் வகையைக் காண்போம். புறநானூற்றில் 141 முதல் 147 வரையுள்ள ஏழு பாட்டுக்களும் வையாவிக் கோப்பெரும் பேகனைப் பற்றியன. முதல் அட்டவணையிற் பாட்டின் எண்ணையும் அதனைப் பாடிய புலவரின் எண்ணையும் எழுதுவோம்.

பாட்டு 141 — புலவர் 2
பாட்டு 142 — புலவர் 2
பாட்டு 143 — புலவர் 1
பாட்டு 144 — புலவர் 2
பாட்டு 145 — புலவர் 2
பாட்டு 146 — புலவர் 3
பாட்டு 147 — புலவர் 4

இரண்டாம் அட்டவணை புலவர்க்குரியது.

புலவர் 1 — கபிலர்
புலவர் 2 — பரணர்
புலவர் 3 — அரிசில்கிழார்
புலவர் 4 — பெருங்குன்றூர்கிழார்

புலவர் அட்டவணையில் ஒவ்வொரு எண்ணும் ஒருவரையே சுட்டும். ஆதலின் அஃது அவ்வட்டவணைக்கு முதன்மைத் திறவுகோல் எனப்படும். அவ்வெண்ணே பாட்டு அட்டவணையில் விருந்தாக வந்து நிற்குங்கால் அயல் திறவுகோல் எனப்படும். பெயரிருக்க எண் எதற்கு எனின், பெயர் உறுதியான திறவுகோலாகாது. ‘பெருங்குன்றூர்கிழார்’ என்று சேர்த்தெழுதியதனையும் ‘பெருங்குன்றூர் கிழார்’ என்று பிரித்தெழுதியதனையும் நாம் ஒன்றெனக் கொள்வோம். கணினி இருவரெனக் கொள்ளும். சங்ககால ஔவையாரையும் ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையாரையும் நாம் இருவரெனக் கொள்வோம். பெயரளவில் நோக்கும் கணினி ஒருவரெனக் கொள்ளும். யார் யாவர் என்று துணிதல் புலமையுடையோர் கடமை. அத்துணிவைப் பிழையின்றிக் காத்தலே எண்ணின் கடமை.

இவ்விரண்டு அட்டவணைகளையும் இணைக்கவேண்டின், முதலாவதன் ஒவ்வொரு நிரையையும் இரண்டாவதன் ஒவ்வொரு நிரையோடும் சேர்த்துவைத்துப் பார்த்தல் வேண்டும். ஏழும் நான்கும் பெருகி இருபத்தெட்டுச் சேர்க்கைகள் வரும். அவற்றுள், இருபுறத்தும் புலவர் எண் ஒத்திருப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைத் தள்ளினால் ஏழே எஞ்சும். 143-இன் அருகிற் கபிலர் பெயரும், 146-இன் அருகில் அரிசில்கிழார் பெயரும் வந்து நிற்கும். இணைப்பின் இலக்கணம் இவ்வளவே.

நடைமுறையிற் கணினி இத்தனை சேர்க்கைகளையும் எழுதிப் பார்ப்பதில்லை. இலட்சம் நிரைகளை இலட்சம் நிரைகளோடு பெருக்கின் ஆயிரங்கோடிச் சேர்க்கைகள் வருமாதலின், அது வேறு உபாயங்களைக் கைக்கொள்ளும். இரண்டு அட்டவணைகளையும் எண்வரிசைப்படுத்தி இரண்டினையும் அருகருகே வைத்து ஒருமுறை மேலிருந்து கீழ் ஓடுதல் ஓர் உபாயம். சிறிய அட்டவணையின் நிரைகளைத் தபாற்சாலையிற் கடிதங்களை அறையறையாகப் பிரித்து வைப்பதுபோல வைத்துக்கொண்டு, பெரியதன் நிரை ஒவ்வொன்றும் வருங்கால் உரிய அறையை மட்டும் நோக்குதல் மற்றோர் உபாயம். வழி எதுவாயினும் விடை ஒன்றே.

இதுகாறும் கூறியது எளிது. இனிக் கூறுவதே கருத்திற் கொள்ளத்தக்கது. பரவலாக வழங்கும் கணக்கின்படி, பாட்டும் தொகையுமாகிய சங்கநூற் பாடல்கள் 2381. பெயரறியப்பட்ட புலவர் 473 பேர். பாடியவர் பெயர் அறியப்படாத பாடல்கள் 102. இப்பாடல்கள் அனைத்தையும் ஒரு மாணவன் அட்டவணையாக்கிப் புலவர் அட்டவணையோடு மேற்கூறியவாறு இணைத்து எண்ணுகின்றான் என்று கொள்வோம். விடை 2279 என்று வரும். எஞ்சிய 102 பாடல்கள் யாண்டுச் சென்றன? பாடினார் பெயர் இன்மையின் அவற்றுக்குப் புலவர் எண் இல்லை. எண் இன்மையின் ஒத்த நிரை இல்லை. ஒத்த நிரை இன்மையின் இணைப்பு அவற்றைத் தள்ளிவிட்டது. கணினி இதனை ஒரு பிழையாக அறிவிப்பதில்லை. எச்சரிக்கை ஒன்றும் செய்வதில்லை. 2279 என்ற விடை 2381 என்ற விடையைப் போலவே தெளிவாகவும் உறுதியாகவும் திரையில் நிற்கும். முன்னரே தொகை அறிந்தவன் அன்றிப் பிறர் ஐயுறார்.

இங்ஙனம் இருபுறத்தும் ஒத்தவற்றை மட்டும் ஏற்கும் இணைப்பை ‘இன்னர் ஜாயின்’ என்பர், உள்ளிணைப்பு எனலாம். ஒருபுறத்து அட்டவணையிலுள்ள நிரைகள் அனைத்தையும், துணை கிடைப்பினும் கிடையாவிடினும், விடாது காப்பது ‘அவுட்டர் ஜாயின்’. இதனைப் புறவிணைப்பு எனலாம். இடப்புறத்தைக் காப்பது, வலப்புறத்தைக் காப்பது, இரண்டையும் காப்பது என இது மூவகைப்படும். பாட்டு அட்டவணையை இடப்புறத்தே வைத்து இடப்புற இணைப்புச் செய்யின் 2381 பாடல்களும் வரும். 102 பாடல்களின் அருகே புலவர் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாய் நிற்கும். இவ்வெறுமையை ‘நல்’ என்று ஆங்கிலத்தில் வழங்குவர். நம் செவிக்கு நன்மை குறிப்பதுபோல் ஒலிப்பினும் அச்சொல் இன்மையையே குறிப்பதாகும்.

இந்த வெறுமையைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. எஸ்.கியூ.எல். மொழியில் ஒரு வெறுமை மற்றொரு வெறுமைக்குச் சமமாகாது. முதற்பார்வைக்கு இது விந்தையாகத் தோன்றும். எண்ணிப் பார்ப்பின் நேர்மையே ஆகும். பெயரறியா ஒருவர் பாடிய பாட்டும், பெயரறியா மற்றொருவர் பாடிய பாட்டும் ஒருவரே பாடியன என்று கொள்ள நமக்கு என்ன சான்று உண்டு? சிலர் வெறுமையைக் கண்டு அஞ்சி, ‘பெயர் தெரியாதவர்’ என ஒரு புலவரைப் புனைந்து அவர்க்கு ஓரெண் கொடுத்துவிடுவர். அப்பொழுது உள்ளிணைப்பிலும் 2381 வரும். ஆயின் புலவர் தொகை 474 ஆகும். உலகில் என்றும் இருந்திராத ஒருவர் 102 பாடல் பாடிய பெரும்புலவராய்க் கபிலர் பரணர் வரிசையில் வந்து அமர்வார். அறியாமையை அறியாமையாகவே குறித்துவைத்தல் அதனை மறைத்தலினும் நன்று.

புறவிணைப்பால் மற்றொரு பயனும் உண்டு. இல்லாதது யாதென அதனாற் கண்டுபிடிக்கலாம். 1 முதல் 400 வரை எண்களை மட்டும் ஓர் அட்டவணையில் எழுதி, அதனை இடப்புறத்தே வைத்து, நம்மிடம் உள்ள புறநானூற்றுப் பாடல்களோடு இணைத்து, வலப்புறம் வெறுமையாய் நிற்கும் நிரைகளை மட்டும் கேட்போமாயின், 267, 268 என்னும் இரண்டு எண்கள் விடையாக வரும். அவ்விரண்டு பாட்டுக்களும் நமக்குக் கிடையாது மறைந்தன. உள்ளவற்றை மட்டும் நோக்கும் இணைப்பு இவ்விழப்பை ஒருகாலும் காட்டாது.

தள்ளிவிடும் பிழையைக் கண்டோம்; இனிப் பெருக்கிவிடும் பிழையைக் காண்போம். ஒரு புலவர் பல புரவலரைப் பாடுவர். ஒரு புரவலனைப் பல புலவர் பாடுவர். கபிலர் பாரியையும் பேகனையும் மலையமான் திருமுடிக்காரியையும் செல்வக்கடுங்கோ வாழியாதனையும் பாடினார். இச்செய்தியைப் புலவர்–புரவலர் என்று ஓர் அட்டவணையில் நான்கு நிரைகளாக எழுதிவைத்து, அதனைப் பாட்டு அட்டவணையோடு புலவர் எண் ஒன்றனையே திறவுகோலாகக்கொண்டு இணைப்போமாயின், 143-ஆம் பாட்டு நான்கு முறை வரும். ஒருமுறை பேகன் பெயரோடும், ஒருமுறை பாரி பெயரோடும், ஏனை இருவர் பெயரோடும் வரும். 143 முதல் 147 வரையுள்ள பாட்டுக்கள் பேகனாற் துறக்கப்பட்ட அவன் மனைவி கண்ணகியின் துயர்கண்டு புலவர்கள் அவளுக்காக அவனை வேண்டிப் பாடியன என்பதை நாம் அறிவோம். பிழையான இணைப்பு அப்பழியைக் கொண்டுபோய்ப் பாரிமேல் வைத்துவிடும். கபிலர் பாரியைப் பாடினார் என்பது மெய். 143-ஐக் கபிலர் பாடினார் என்பதும் மெய். இரண்டு மெய்களைத் தகாத இடத்திற் பொருத்தியமையாற் பொய் ஒன்று பிறந்தது. இதனை நீக்கும் வழி, பாட்டையும் புரவலனையும் நேரே பிணைக்கும் அட்டவணை ஒன்று அமைத்தலாகும். அதில் 143-இன் எதிரே பேகன் எண் மட்டும் நிற்கும்.

அப்பிணைப்பு அட்டவணை செவ்விதாக அமைந்தபின்னும் எண்ணும்போது விழிப்பு வேண்டும். ஔவையார் பாடிய 367-ஆம் புறப்பாட்டு, ஒருங்கிருந்த சேர சோழ பாண்டியராகிய மூவேந்தரையும் பாடியது. பிணைப்பு அட்டவணையில் அதற்கு மூன்று நிரைகள் உண்டு, அம்மூன்றும் மெய்யே. ஆயினும் இணைத்தபின் நிரைகளை எண்ணிப் பாட்டின் தொகை இதுவென்று கூறின், ஔவையார்க்கு இரண்டு பாட்டு மிகுதியாகக் கிடைத்துவிடும். எண்ணுதற்குரியது நிரையா பாட்டா என்று முன்னரே துணிந்துகொள்ளல் வேண்டும்.

இவையெல்லாம் ஏட்டுப் புலவர்க்கே உரிய கவலைகள் என்று எவரும் எண்ணற்க. ஒரு கல்லூரியில் உதவித்தொகைக்குரிய மாணவர் பெயர்கள் ஓர் அட்டவணையிலும், அவர்களுடைய வங்கிக் கணக்கு எண்கள் மற்றோர் அட்டவணையிலும் இருக்கின்றன என்று கொள்க. எழுத்தர் இரண்டையும் உள்ளிணைப்பாற் சேர்த்துப் பட்டியல் எடுக்கின்றார். வங்கிக் கணக்கு இன்னும் திறவாத மாணவன் பெயர் அப்பட்டியலில் இராது. அவன் விண்ணப்பத்தை எவரும் மறுக்கவில்லை. மறுத்திருப்பின் அவன் காரணம் கேட்டிருப்பான். அவன் அங்கே இல்லை, அவ்வளவே. பெரும்பாலும் கணக்குத் திறக்க இயலாத வறியவனே அவ்வுதவிக்கு மிகவும் உரியவனாவான். மருத்துவமனையில் நோயாளர் பட்டியலை மருந்துப் பட்டியலோடு இணைக்கும்போதும், ஊர்க்குடும்பங்களின் பட்டியலை உணவுப்பொருள் அட்டைப் பட்டியலோடு இணைக்கும்போதும் இவ்வாறே நேரும். எந்த இணைப்பிலும் துணையற்ற நிரையே முதலில் விழும்.

ஆதலின் அட்டவணைகளை இணைக்கப் புகுவோர் மூன்று வினாக்களைத் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளல் நலம். இணைக்குமுன் எத்தனை நிரைகள் இருந்தன, இணைத்தபின் எத்தனை உள்ளன? குறைந்திருப்பின், விழுந்தவர் யாவர்? மிகுந்திருப்பின், எவர் இருமுறை எண்ணப்பட்டனர்? இம்மூன்றற்கும் விடை கூற இயலாதவன் தன் பட்டியலைப் பிறர் கையிற் கொடுத்தல் தகாது.

நம் தொகைநூல்களில் ஒரு செய்தி இங்கு நினைவுக்கு வருகின்றது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார் முதலிய பெயர்கள் அப்புலவர்களுடைய பாட்டில் அமைந்த தொடர்களினின்று ஆக்கப்பட்டன. இயற்பெயர் மறைந்தமையின், பாட்டினையே சான்றாகக்கொண்டு முன்னோர் ஒரு பெயரிட்டு நிறுத்தினர். ஓரேருழவனார் என்னும் பெயர் குறுந்தொகை 131-ஆம் பாட்டிலும் புறநானூறு 193-ஆம் பாட்டிலும் காணப்படுதலின், இரு நூல்களையும் பிணைக்கும் திறவுகோலாகவும் நிற்கின்றது. பெயரிடவும் இயலாத பாட்டுக்களை அவர்கள் எடுத்தெறிந்துவிடவில்லை. பெயரிருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுப் பாட்டைக் காத்தனர். அதனாலன்றோ அந்த 102 பாடல்களும் இன்று நம் கையில் உள்ளன? ஏட்டுச்சுவடியில் அவர்கள் காட்டிய அக்கவனத்தை, விரைந்து எண்ணும் பொறி நம் கையில் இருக்கும் இக்காலத்து நாமும் கைவிடாதிருப்போமாக.